யானை நாடகத்தில் இறங்கிய சாமி

அன்று மாலை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. யானை மேடைக்கு வந்தது.
2. பிள்ளைகள் உருமி அடித்து யானையை விரட்டினார்கள்.
3. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்குச் சாமி வந்தது.
4. நான் மடிக்கணினியில் ஒலியை நிறுத்தினேன்.
5. சாமிக்குக் கோபம் வந்தது.
6. யானையின் பின்பாதிக்கு இது எதுவுமே தெரியவில்லை.

நான்காவது மட்டும்தான் என் தவறு என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாவதும் என் தவறுதான். (சரி, மூன்றாவதும்.)

நான் மின்னணுப் பொறியியல் படித்தவள். ஈப்போ நகரில் ஒரு சிப் தொழிற்சாலையில், பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். எது எது கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே யோசித்துப் பட்டியல் போடுவதுதான் வேலை. மாலையில் நாடகக் குழு ஒன்றில் நடித்தேன், கீபோர்டு வாசித்தேன். பிறகு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு இசையும் நாடகமும் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்று குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் அறிவித்தேன்.

அப்பா ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். அதிகம் பேசமாட்டார். "பிள்ளைங்க சும்மாவே ஆடும். அதுக்கு ஒரு டீச்சரா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பள்ளி. அது நிற்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். தோட்டத்து வீடுகள் காலியாகி எல்லாரும் டவுனுக்குப் போய்விட்டார்கள். தமிழ்ப்பள்ளி மட்டும் அங்கேயே நிற்கிறது. பிள்ளைகள் வேனில் வந்து போகிறார்கள். தலைமையாசிரியை தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஒரு நாடகம் போடுங்க, நித்யா. பெத்தவங்க வந்து பாக்கட்டும். தலைவர் சரின்னு சொன்னா அடுத்த வருஷமும் வகுப்பு உண்டு. அவரு வேணாம்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

தலைவர் குணசேகரன், வங்கி அதிகாரி. கசங்காத, பூவேலை போட்ட பாத்தேக் சட்டை, கசங்காத முகம். முதல் கூட்டத்திலேயே, "டீச்சர், இந்த ஆட்டம் பாட்டெல்லாம் எதுக்கு? கணக்குல மார்க் கூடுமா?" என்று கேட்டார். மூளை, தாளம், நினைவாற்றல் என்று திரையில் படம் போட்டு நீளமாக விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாக்கலாம்லா" என்றார்.

வகுப்பு தொடராவிட்டால் தொழிற்சாலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். (அப்பா முன்யோசனைக்காரர். என் பழைய இடம் காலியாக இருக்கிறதா என்று ஏற்கனவே போன் போட்டு விசாரித்துவிட்டார்.)

நாடகம் இதுதான்: செம்பனைத் தோட்டத்துக்குள் காட்டு யானை புகுந்துவிடுகிறது, பிள்ளைகள் மேளம் அடித்து விரட்டுகிறார்கள், பிறகு அது தாயைத் தேடி வந்த குட்டி என்று தெரிகிறது, அழுதுகொண்டே வழியனுப்புகிறார்கள். யானை என்பது சாம்பல் நிறப் போர்வைக்குள் இரண்டு பையன்கள். முன்பாதி யுவன், பின்பாதி தர்வின். விரட்டும் காட்சிக்கு, வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் அடி தேவைப்பட்டது. பிள்ளைகள் தாளம் தப்பாமல் இருக்க, பின்னால் ஒலிப்பதிவும் ஓட வேண்டும்.

உருமி மேளக் குழு வைத்திருக்கும் டினேஷிடம் கேட்டேன். ஒரு பதிவை அனுப்பிவிட்டு, கூடவே ஒரு குரல் செய்தியும் அனுப்பினான்: "அக்கா, இது நெருப்பு மாதிரி ஏறும். கோயில்ல அடிச்சது. ஆனா போட்டா முழுசா போடுங்க, ஆ? பாதியில வெட்டிடாதீங்க."

கலைஞர்கள் எல்லாருமே தங்கள் வேலையில் ஒரு நொடியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பதிவின் கடைசிப் பகுதி ரொம்ப மெதுவாக இழுத்தது. வெட்டி எறிந்தேன். நன்றாகச் சூடேறிய நடுப்பகுதியை மட்டும் எடுத்து, முடிய முடியத் திரும்பத் திரும்ப ஓடும்படி ஒட்டினேன். தொழில்நுட்ப ரீதியில் அருமையான ஒட்டு. எங்கே ஒட்டியிருக்கிறது என்று எனக்கே தெரியாது.

உருமி வாசித்த கவிஷாவுக்கு மட்டும் முகம் சரியில்லை.

"டீச்சர், இது எங்க கோயில் திருவிழாவுல அடிக்கிறது."

"நல்லதாப் போச்சு. அப்ப உனக்கு ஏற்கனவே தெரியும்."

"தெரியும் டீச்சர். அதான் சொல்றேன்."

நான் தும்பிக்கையைத் தைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

நாடகத்தன்று காலையில் பழைய வழக்கப்படி பட்டியல் போட்டேன். மின்சாரம் போகலாம், தகரக் கூரையில் மழை கொட்டி வசனம் கேட்காமல் போகலாம், யானையின் வால் கழன்று விழலாம், யாராவது அழலாம். எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு வைத்திருந்தேன். உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்ததால் மாற்றுக் கைக்குட்டையும் வைத்திருந்தேன். அப்பா ஒலிபெருக்கிகளைத் தூக்கிவைத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். தலைவர் முதல் வரிசை நடுவில், மனைவியோடு.

யானை வந்தது. கைதட்டல். கவிஷாவும் மற்றவர்களும் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒலிப்பதிவும் சேர்ந்துகொண்டது. தலைவரின் கால் தாளம் போட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிடித்துவிட்டது, அவருக்குப் பிடித்துவிட்டது. பிறகு முழங்கால் ஆடியது. தோள் ஆடியது. இவ்வளவு ரசனையா என்று வியந்துகொண்டிருந்தேன்.

பக்கத்திலிருந்த அவர் மனைவி, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துக் கைப்பையில் போட்டார். அடுத்து கைக்கடிகாரம். அடுத்து சட்டைப் பையிலிருந்த கைப்பேசி. பழகிய கை. அதைப் பார்த்த பிறகும் எனக்குப் புரியவில்லை.

தலைவர் ஒரு சத்தம் போட்டார். அடுத்த கணம் மேடையில் இருந்தார்.

யானையின் முன்பாதி நின்றுவிட்டது. பின்பாதி ஆடிக்கொண்டே முன்பாதியின் மேல் ஏறியது. தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு: இயந்திரம் புரியாதபடி ஓடினால் முதலில் நிறுத்து, பிறகு யோசி. நிறுத்தினேன். பயந்துபோன பிள்ளைகளும் நிறுத்தினார்கள்.

மண்டபம் முழுக்க ஒரே குரலாக, "நிப்பாட்டாத" என்றது.

தலைவர் உருவில் இருந்த சாமி மெதுவாகத் திரும்பியது. "யாரு நிப்பாட்டுனது?"

என் மேசை மேல் மட்டும்தான் விளக்கு எரிந்தது. அது போதாதென்று, நான் இசையும் நாடகமும் ஒழுக்கமும் சொல்லிக் கொடுத்த அத்தனை பிள்ளைகளும் என்னை நோக்கிக் கை நீட்டினார்கள்.

"அடிக்கச் சொல்லுமா," என்றார் தலைவரின் மனைவி, பதறாமல். "பாதியில விட்டா போகாது. மலையேத்தி விடணும்."

கவிஷா மேசைக்கு ஓடி வந்தாள். "டீச்சர், அந்தக் கடைசி அடிய போடுங்க. அதுலதான் சாமி மலையேறும்."

"அத வெட்டிட்டேன்."

"வெட்டிட்டீங்களா?"

என் பழைய மேலாளர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் பிள்ளைகள் எனக்காகப் பழகிய அடியையே மறுபடி அடித்தார்கள். அது சாமியை அழைக்கும் அடி. வந்த சாமி இன்னும் நன்றாக வந்தது. கடைசி வரிசையிலிருந்து அப்பா எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டைத் தலைவரின் இடுப்பில் சுற்றி, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். இருவரும் மேடையைச் சுற்றினார்கள். அப்பாவின் செருப்பு ஒன்று பறந்தது. தலைமையாசிரியை அலுவலகத்துக்கு ஓடித் திருநீறு கொண்டுவந்தார். பள்ளிச் சிற்றுண்டிக் கடை நடத்தும் காண்டின் அக்கா தண்ணீரில் பிழிய வைத்திருந்த எலுமிச்சையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

என் கைப்பேசியில் முழுப் பதிவும் இருந்தது. ஒலிபெருக்கியில் அதை இணைத்தேன். கடைசிப் பகுதிக்கு இழுத்தேன். விரல் வழுக்கி நடுவில் விழுந்தது. இருப்பதிலேயே உச்சமான இடம். எலுமிச்சையோடு நின்ற காண்டின் அக்காவின் தலை லேசாக ஆட ஆரம்பித்தது.

தலைமையாசிரியை அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "அக்கா, நீங்க வேணாம்லா. ஒருத்தரே போதும்."

மறுபடி இழுத்தேன். இம்முறை அந்த மெதுவான, இழுவையான, நான் வேண்டாமென்று எறிந்த அடி வந்தது. கவிஷா உடனே பிடித்துக்கொண்டாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள். தலைவரின் ஆட்டம் தளர்ந்தது. போவதற்கு முன் சாமி யானையின் நெற்றியில் திருநீறு பூசியது. முன்பாதி பயபக்தியோடு குனிந்தது. போர்வைக்குள்ளிருந்து பின்பாதியின் குரல் கேட்டது: "டீச்சர், இன்னும் ஆடணுமா?"

தலைவர் அப்பாவின் மேல் சாய்ந்தார். தண்ணீர் குடித்தார். மனைவி கண்ணாடியை மாட்டிவிட்டார். அவர் சுற்றிலும் பார்த்தார்.

"நாடகம் முடிஞ்சிருச்சா?"

"பாதி முடிஞ்சிருச்சு சார்," என்றார் தலைமையாசிரியை.

"எப்படி இருந்துச்சு?"

இன்னும் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாதான், "விறுவிறுப்பா இருந்துச்சு சார்," என்றார்.

மீதி நாடகம் நடக்கவில்லை. வீடு திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில் அப்பா தொண்டையைச் செருமி, "பேக்டரிக்கு நாளைக்கே போன் போடவா?" என்று மென்மையாகக் கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு, விடைபெறும் பேச்சைத் தயாரித்துக்கொண்டு போனேன். அதைச் சொல்லத் தலைவர் இடம் கொடுக்கவில்லை.

"நான் பாதிதான் பார்த்தேன்," என்றார், கசங்காத முகத்தோடு. "பாதியப் பார்த்துட்டு வேணாம்னு சொல்றது முறையில்ல. பேங்க்ல அப்படிச் செஞ்சா என்னைத் திட்டுவாங்க. மறுபடி போடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "உருமி மட்டும் வேணாம், டீச்சர்."

வெளியே அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டவுனுக்கு வந்த பிறகு அவருக்கு வந்ததே இல்லமா. போயிருச்சுன்னே நெனச்சோம்." கண் கலங்கியிருந்தது. நன்றி சொன்னேன். (எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.)

இரண்டாம் முறை யானையைக் கீபோர்டாலும் பானை மூடியாலும் விரட்டினோம். தலைவர் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்தபடி முழுசாகப் பார்த்தார். குட்டி யானையை வழியனுப்பும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இன்றும் நான் எதையும் நிறுத்தக் கூடாது. காற்றாடியாகட்டும், துணி துவைக்கும் இயந்திரமாகட்டும், நான் பக்கத்தில் போனால் போதும், கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வரும்: "அதுவா மலையேறட்டும். நீ கைய வைக்காத." சித்தியவானிலிருந்து விருந்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக்கூட இது தெரியும்.

வகுப்பு செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை சங்கம் கூடித்தான் அதைப் புதுப்பிக்க வேண்டும். இதுவரை புதுப்பித்திருக்கிறார்கள். நான் தொழிற்சாலைக்குத் திரும்பவில்லை.