'அவன்' என்பதில் 'அவளும்' அடக்கம்

இந்த ஞாயிற்றுக்கிழமை மார்லிஸை ஒன்பதாம் படி ஏறவிடுவதில்லை என்று ஆர்லென் டோலெஃப்சன் தீர்மானம் செய்துவிட்டார். வெளியே மினசோட்டாப் பனி முழங்கால் வரை கிடந்தது. அவர் நெஞ்சில் மட்டும் குளிர் மருந்துக்கும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? விளையாட்டு அவருடையது. விளையாடும் நிலவறை அவருடையது. மனைவி மார்லிஸும் அவருடையவள் என்றுதான் பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

விளையாட்டு என்றால், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாவித்துக்கொண்டு, பகடை உருட்டிப் பூதங்களை வெட்டுவது. தலைமாட்டு நாற்காலியில் அமர்ந்து பூதங்களை ஏவுகிறவர் ஆர்லென். விதிகள் அறுபத்து நான்கு பக்கம், அவரே தட்டச்சு செய்தவை. ஒன்பதாம் படியை எட்டுகிறவனுக்குக் 'கோமகன்' பட்டம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய மிச்ச ஆட்டத்தையும் அடுத்த ஆட்டத்தையும் அவன்தான் நடத்துவான்.

அடுத்த ஆட்டம் ஊர் நூலகத்தில், ஐம்பது பேர் முன்னால். ஆர்லென் அதற்காக மார்லிஸைக் கொண்டு ஒரு நீல அங்கிகூடத் தைத்து வைத்திருந்தார். தோளில் கொஞ்சம் பிடித்தது. பரவாயில்லை.

நாலு மணிக்கு மார்லிஸின் வாள் டிராகனின் கழுத்தில் இறங்கியது.

"ஒன்பதாம் படி. எந்திரி ஆர்லென்."

ஆர்லென் இதற்காகவே காத்திருந்தார். "பட்டத்தைப் படிச்சியா? கோமகன். நீ மகனா?"

"இல்ல."

"அப்ப நீ கோமகள். கோமகளுக்கு விதியில நாற்காலி கிடையாது. குஷன் வேணா தரேன்."

மார்லிஸ் விதிகளின் முதல் பக்கத்தைத் திருப்பி, கூட ஆடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டுவேனிடம் நீட்டினார். "கொஞ்சம் சத்தமா படி."

"'அவன்' என்று வரும் இடமெல்லாம் 'அவளும்' அடக்கம். பட்டங்களுக்கும் இது பொருந்தும்."

ஆர்லென் எட்டிப் பார்த்தார். போன வருஷம் நூலகத்து அம்மாள், "எல்லாம் 'அவன்'தானா, பெண்கள் ஆடக் கூடாதா?" என்று கேட்டபோது, அத்தனை பக்கத்தையும் மறுபடி அடிக்கச் சோம்பல்பட்டு அவர் சேர்த்த ஒற்றை வரி அது.

"அடக்கம்னா அடக்கமா இருக்கணும்னு அர்த்தம்" என்றார்.

"எட்டுப் படியும் அடக்கமாத்தான் ஏறினேன். இதுக்கு மேல பேசினா உனக்கு நல்லடக்கம்."

"விதின்னா விதிதான்னு நீதானே சொல்லுவ?" என்றார் டுவேன்.

ஆர்லென் எழுந்தார். மனசு வலித்தது, அந்த நாற்காலியின் கை அவர் முழங்கை பட்டே தேய்ந்தது. மார்லிஸ் அங்கியை மாட்டிக்கொண்டார். அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக இருந்தது.

ஆனாலும் ஆர்லெனிடம் இன்னொரு விதி மிச்சமிருந்தது. "நீயே நடத்து. ஆனா ஆட்டம் நடத்துறவங்க நடுவுல எந்திரிக்கக் கூடாது. மேல அடுப்புக்குள்ள வேகுற ஹாட்டிஷை யார் பார்ப்பா? கறியும் உருளைக்கிழங்கும் கருகிடுமே."

மார்லிஸ் அங்கிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கல்யாணமான புதிதில் ஆர்லென் தட்டச்சு செய்து ஃபிரிட்ஜில் ஒட்டிய வீட்டு விதிகள். சமைப்பவள், பரிமாறுபவள், பாத்திரம் துலக்குபவள் என்று வரிசையாக இருந்தது. அடியில் புது மையில் ஒரு வரி:

'அவள்' என்று வரும் இடமெல்லாம் 'அவனும்' அடக்கம்.

மேலே சமையலறையில் அடுப்பின் மணி அடித்தது.

"ஹாட்டிஷ் அவன்ல இருக்கு" என்றார் மார்லிஸ், பகடையைக் குலுக்கிக்கொண்டே. "அவனே போய் எடுக்கட்டும்."