வீட்டு வாத்தியாருக்கு வந்த சோதனை

"ஏழெட்டு எவ்வளவு?" என்று கல்வி அதிகாரி கேட்டதும், நாலாம் வகுப்பு மகன் மேசைக்கு அடியில் எதையோ தொலைத்தவன் போலக் குனிந்துகொண்டான்.

அப்பா அவன் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினார். ஆட்குறைப்பு என்று சொல்லிக் கம்பெனியில் அவரை அனுப்பிவிட்ட பிறகு, பிள்ளைகள் இரண்டையும் பள்ளியிலிருந்து நிறுத்தி, இந்தச் சாப்பாட்டு மேசையில்தான் ஒரு வருடமாகப் பாடம் நடத்துகிறார். மழைக்காலம் முழுக்க வாய்ப்பாடு. வெயில் வந்ததும் மொட்டைமாடியில் நிழலை அளந்தார்கள். இன்று அதிகாரி கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடமும் வகுப்பு உண்டு. இல்லையென்றால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவார்கள். அவர் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"நல்லா தெரியும் மேடம். நேத்துகூட ஒப்பிச்சான்."

"நேத்து நீங்கதானேப்பா ஒப்பிச்சீங்க?" என்றாள் இரண்டாம் வகுப்பு மகள்.

அப்பா அவசரமாக ஒரு ரொட்டியை எடுத்து வந்தார். "நாங்க மனப்பாடமே பண்றதில்ல மேடம். எல்லாம் பொருளை வச்சுத்தான்." நாலாக வெட்டினார். "இதுல கால் பங்கை எடு கண்ணா."

எடுத்தான். வாயில் போட்டுக்கொண்டான்.

"இப்ப மிச்சம் எவ்வளவு?"

"நீங்க சாப்பிடுங்கப்பா. எனக்குப் போதும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். அப்பா மகளை முன்னால் தள்ளிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தார். அவள் கடகடவென்று வாசித்தாள். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதிகாரி மெல்லப் பக்கத்தைத் திருப்பினார். அவள் பழைய பக்கத்தையே தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பாடம்தான் மேடம் அப்பாவுக்குப் பிடிக்கும்."

இனி அறிவியல்தான் கதி. களிமண் எரிமலையைத் தூக்கி வந்து, சோடா மாவைக் கொட்டி, இரண்டு கரண்டி வினிகர் விட வேண்டிய இடத்தில் பதற்றத்தில் பாட்டிலையே கவிழ்த்தார். பொங்கிய நுரை மேசையைத் தாண்டி, அதிகாரியின் கைப்பைக்குள் சாவகாசமாக இறங்கியது.

"இது வேதியியல் மாற்றம் மேடம்."

"தெரியுது சார்."

"துணி எடுத்துட்டு வரேன்" என்று அப்பா சமையலறைக்கு ஓடினார். துணி எதிரிலேயே கிடந்தும் உடனே கண்ணில் படவில்லை. அழுகை வரும் போலிருந்தது. ஒரு வருட உழைப்பு இப்படியா நுரையோடு போக வேண்டும்?

கூடத்திலிருந்து பேச்சுக்குரல் கேட்டது.

"ஒன்பதேழு?"

"அறுபத்துமூணு."

"கேக்குல முக்கால் பங்கு தீர்ந்துபோச்சுன்னா?"

"கால் இருக்கும். அதை ரெண்டு பேரும் பிரிச்சா ஆளுக்கு அரைக்கால்."

அடுத்து மகளின் குரல். அவர் நடத்தவே நடத்தாத ஒரு பாடத்தை, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழகாக வாசித்துக்கொண்டிருந்தாள். அப்பா துணியும் கையுமாகக் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"இவ்வளவு தெரிஞ்சும் அப்பா இருக்கறப்ப ஏன் முழிச்சீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எல்லாம் தெரியும்னு அப்பா முன்னாடி சொல்லிட்டா, சொல்லிக்கொடுக்க ஒண்ணும் மிச்சமிருக்காது. அவருக்கு இந்த வேலையும் போயிடும் மேடம்."