கடலில் வேலை கொட்டிக் கிடக்கிறதாம்!

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டுமாம், ஆகவே, நலமா? நன்றாகத்தான் இருப்பாய். அடுத்தவர் பிள்ளைக்கு யோசனை சொல்லிவிட்டுக் குறட்டை விடுகிறவர்களுக்கு என்ன குறை?

எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "அக்கா, பூமியில முக்கால்வாசி கடல். அப்போ வேலையும் முக்கால்வாசி அங்கதானே இருக்கும்?" என்று கணக்குப் போட்டாயே, அந்த அறிவில் மயங்கித்தான் உன் மருமகளைக் கடல் உயிரியல் படிக்க அனுப்பினோம். படித்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அழுக்குத் துணியோடு ஏதாவது ஒரு ஜந்துவும் வந்தது. ஒருநாள் ஃபிரிட்ஜைத் திறந்தால் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் டப்பா நிறையக் கடல் அட்டை! "உயிரோட இருக்கும்போது பயமுறுத்தினா, குடலையே வெளிய தள்ளிடும்மா" என்று விளக்கம் வேறு, நாங்கள் சாப்பிடும்போது. உன் மச்சான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். மாடி வீட்டம்மா அவளை மீன் டாக்டர் என்று நினைத்து, தொட்டியில் மல்லாந்து மிதந்த தங்கமீனைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். இவள் எட்டிப் பார்த்து, "செத்துடுச்சு ஆன்ட்டி" என்றாள். "இதச் சொல்லவா இத்தனை வருஷம் படிச்சே?" என்று கேட்டுவிட்டுப் போனவள், இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

பட்டம் கைக்கு வந்ததும், நீ சொன்ன அந்த முக்கால்வாசி வேலையும் கதவைத் தட்டியது. ஒரு ஹோட்டலில் மீன் தொட்டிக் கண்ணாடி துடைக்கக் கூப்பிட்டார்கள். இறால் ஏற்றுமதி செய்கிற இடத்தில் பெட்டி பெட்டியாக மோந்து பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டுமாம். அதுக்கு ஒரு பூனை போதாதா?

கடைசியில் படகுத்துறை கட்டுகிற கம்பெனியில நல்ல வேலையே கிடைச்சுது. மேஜை, நாற்காலி, அடையாள அட்டை எல்லாம் குடுத்தாங்க. துறை வரப்போற இடத்துல முங்கிப் பார்த்துட்டு, 'அடியில வெறும் மணல்தான்'னு ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான், அப்பத்தான் துறை கட்ட அனுமதி கிடைக்குமாம். மகராசி முங்கினா. கடல்புல் வயல் மாதிரி விரிஞ்சு கிடக்கு, அதுக்குள்ள கடல்குதிரை குஞ்சு பொரிக்குதுன்னு பக்கம் பக்கமா எழுதிக் குடுத்துட்டா! மேனேஜர் எனக்கே போன் போட்டு, "என்னம்மா, மணல் எழுதச் சொன்னா உங்க பொண்ணு புல்லு எழுதுது? திங்கட்கிழமைக்குள்ள மாத்தித் தரலைன்னா வேற ஆள் பார்த்துக்குவோம்"ங்கறார். உன் மச்சான் பாவம், "புல்லுதானேம்மா, விட்டுத் தொலையேன்"னார். அன்னையிலேர்ந்து அவ எங்க ரெண்டு பேர்கூடவும் முகம் குடுத்துப் பேசறதில்லை. ஆனா நீ சொன்னா கேப்பா. அதனால, இந்தப் படிப்பைக் கண்டுபிடிச்ச மேதாவியே, உடனே கிளம்பி வந்து அந்த ஒரு வரியை அவளை எழுத வச்சுட்டுப் போ.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு, வந்து காரியத்தை முடித்த பிறகு.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்ட அக்கா

பி.கு.: நீ வர வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும்போது, "திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாரும்மா"ன்னு உன் மருமக என்னைக் கடலுக்கு இழுத்துட்டுப் போயிட்டா. இடுப்பளவு தண்ணியில நிக்க வச்சு, முங்கிப் பார்க்கிற கண்ணாடியை மாட்டி, தலையைப் பிடிச்சு அமுக்கினா. தம்பி, அங்கே ஒரு கடல்குதிரை வயித்தைத் தள்ளிக்கிட்டு, புல்லை வாலால பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதுல ஆம்பளைதான் பிள்ளை சுமக்குமாமே! உன் மச்சான்கிட்ட சொன்னேன். மனுஷன் தன் வயித்தைத் தடவிப் பார்த்துக்கிட்டார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் பண்ணி, "பொண்ணு என்னம்மா சொல்லுது?"ன்னார். "அவளை விடுங்க. புல்லு இருக்கு, நானே பார்த்தேன். என் பேரையும் சேர்த்து எழுதிக்குங்க"ன்னு சொல்லி வச்சுட்டேன்.