தப்பு சுவிட்சின் மேல்

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
அக்டோபர் 2003

அன்பு மகள் ஆன்சிக்கு அப்பா அருள்பிரகாசம் எழுதுவது. இங்கு நான் நலம். அம்மா நலமா என்பதைத் திருவொற்றியூர் பெரியம்மா வீட்டுக்கு நீயே போன் போட்டு விசாரித்து எனக்கும் ஒரு வரி தெரிவிக்கவும். ஆமாம், எல்சி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம், நீ அகமதாபாத்தில் படிக்கிற டிசைன் படிப்பு. போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் இன்லேண்டு கடிதத்தில் எழுதுகிறேன்.

"என் வகுப்புப் பாடத்துக்காக, வீட்டுச் சாமான்களைப் புழங்கும்போது யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள் அப்பா, உதவாதீர்கள், வாயே திறக்காதீர்கள், மனுஷங்க மேல தப்பே கிடையாது, சாமானைச் செய்த விதத்தில்தான் தப்பு" என்று எழுதியிருந்தாய். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன், சொன்ன சொல்லை மீறிப் பழக்கமில்லை. வாசல் சுவிட்சு போர்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அழைப்பு மணிக்கு ஒரு சுவிட்சு, பக்கத்திலேயே மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு அச்சு அசலாக இன்னொன்று. நானே வாங்கி நானே மாட்டியது. காலையில் மீன்காரக் கன்னியம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு, "இன்னா, வூட்ல யாரும் இல்லியா?" என்று என்னைப் பார்த்தே கேட்டாள். நான் பேசவில்லை. அம்மா வந்து அணைப்பதற்குள், அவள் புண்ணியத்தில் தொட்டி முக்கால்வாசி நிரம்பியது.

அன்று சாயந்திரம்தான், ஜெபமாலை மாதத்தில் வீடு வீடாகக் கொண்டுபோகும் மாதா சுரூபம் நம் வீட்டுக்கு வரும் முறை. அம்மா ஒரு வருஷமாகக் காத்திருந்தது உனக்கே தெரியும். கூட்டம் வாசலுக்கு வந்ததும் சுகிர்தம் டீச்சர் மணி என்று நினைத்து மோட்டாரைத் தட்டினார். மணி அடிக்கவில்லை, அதனால் எல்லாரும் இன்னும் உரக்கப் பாடினார்கள். எனக்கு நாக்கு துடிக்குது, ஆனா உன் மார்க் போயிடுமேன்னு அடக்கிக்கிட்டேன். பாட்டைக் கேட்டு அம்மா ஓடி வந்து சுரூபத்தை வாங்கக் கை நீட்டவும், தொட்டி நிரம்பி வழிகிற குழாய் வாசலுக்கு நேர் மேலேதானே இருக்கிறது, மொத்தத் தண்ணியும் அவள் பட்டுப்புடவை மேல் கொட்டியது. இந்த வறட்சியில் அது லாரித் தண்ணி! "ஐயோ தண்ணி போவுதுடி!" என்று எதிர்வீட்டுத் தாயம்மா ஒரு கத்து கத்த, ஜெபக்கூட்டமே குடம் எடுக்க ஓடியது. மாதா நனையக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், ஜெபமும் அங்கேயே முடிந்தது. பிறகு மோட்டாரை நான்தான் அணைத்தேன், அது உதவியில் சேராது என்று நினைக்கிறேன்.

"பாத்துகினே இருந்தியே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா இன்னாயா?" என்றாள் அம்மா.

"தப்பு யார் மேலயும் இல்ல எல்சி, சுவிட்சு மேலதான்."

"அத்த மாட்டுன புண்ணியவான் யாரு?"

அதோடு பையைத் தூக்கினாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நான் வைத்த ரசத்தைப் பூனைகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை ஆன்சி. நீ அந்தப் படிப்பை விட்டுத் தொலைத்துவிட்டு, அடுத்த ரயிலில் வந்து அம்மாவைக் கூட்டி வா. மாதா உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடு. பெறுநர் இடத்தில் நம் விலாசத்தையும் அனுப்புநர் இடத்தில் உன் விலாசத்தையும் எழுதிவிட்டேன், கடிதம் நம் வீட்டுக்கே வந்துவிட்டது. மாற்றுப் புடவை எடுக்க வந்த அம்மா, மோட்டார் சத்தம் கேட்டு அணைக்க ஓடினால், வாசலில் தபால்காரர், கை சுவிட்சின் மேல். கடிதத்தை அங்கேயே பிரித்துப் படித்துவிட்டு, "நான் இல்லாம ஒண்ணும் ஓடலியா? அத்த என் கைல சொல்லாம அகமதாபாத்துக்கு எய்துவியா?" என்றாள். இப்போது அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கிறது. ஆகவே படிப்பை விடாதே, அது நல்ல படிப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் மனுஷன் என்ன செய்வான்? தப்பு இன்லேண்டின் மேல்தான். இதையே ஒரு கவரில் போட்டு அனுப்புகிறோம். விலாசத்தை அம்மா எழுதுகிறாள். எந்த இடத்தில் எழுதுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை.