மெலாவத்தி மலை முனி

'தெரியாது' என்ற சொல் மட்டும் என் வாயில் வராது. வழி கேட்டவர்களை எதிர்த்திசையில் அனுப்பியிருக்கிறேனே தவிர, தெரியாது என்று சொன்னதில்லை. இந்தக் குணத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எண்பதுகளின் நடுவில் நான் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. (வேலைதான் சின்னது, பந்தா துரைக்குச் சமம்.) அதற்குள் மூன்று வீடுகளில் கேசரி சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். நான்காவது இடம் ரவாங். பெண் மல்லிகா, அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. வீட்டில் வைத்துப் பார்த்துப் பிடிக்காமல் போனால் லயத்து வீடுகள் முழுக்கச் சிரிக்கும் என்று, கோல சிலாங்கூர் மெலாவத்தி மலைக் கோட்டையில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் தரகர் ஏற்பாடு செய்தார். "மாப்பிள்ளைக்கு அந்தக் கோட்டை சரித்திரம் அத்துப்படி" என்று ஒரு போடும் போட்டுவிட்டார்.

எனக்குத் தெரிந்த சரித்திரம், அங்கே குரங்குகள் அதிகம் என்பதுதான்.

இடிந்த மதிலையும் பீரங்கிகளையும் காட்டி அளந்துவிட்டேன். சுல்தான்கள் ஆண்டார்கள், டச்சுக்காரன் பிடித்தான் என்பதுவரை சரி. அதோடு நிறுத்தாமல், இங்கிருந்து பாகான் நக்கோடா ஓமார் வரை சுரங்கப்பாதை இருக்கிறது என்றேன்.

மல்லிகாவின் அப்பா லோரி ஓட்டுபவர். "லோரியிலயே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமே, தம்பி?"

"அந்தக் காலத்து ஆளுங்க நல்லா வேலை செய்வாங்க, மாமா." (மாமா என்று கூப்பிட யாரும் இன்னும் அனுமதி தரவில்லை.)

அப்போதுதான் மரத்தடியில் ஒரு தட்டைக் கல் கண்ணில் பட்டது. அதன்மேல் நாலைந்து வெள்ளைப் பூக்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மரத்தடியில் கல்லும் பூவும் சேர்ந்தால் அது சாமிதான். மல்லிகாவின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார்.

"இது என்ன சாமி, தம்பி?"

"முனிதான், அத்தை. கோட்டைக்குக் காவல். டச்சுக்காரன் குண்டே இவரைத் தாண்டிப் போகாது."

மல்லிகா அன்று முதன்முறையாக வாய் திறந்தாள். "அங்க போர்டு இருக்கு."

"அது வேற கல்லு" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அத்தை கைப்பையிலிருந்து கற்பூரம் எடுத்து ஏற்றினார். பக்தியில் குறை வைக்கக் கூடாதென்று நான் சாஷ்டாங்கமாக விழுந்து, தலையைக் கல்லின்மேல் வைத்தேன். மேலே இருந்து இன்னொரு பூ பிடரியில் விழுந்தது. பூக்களைப் போட்டது பக்தர்கள் இல்லை, மரம் என்று அப்போதுதான் உறைத்தது.

அங்கே குப்பை கூட்டிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் துடைப்பத்தோடு ஓடி வந்தார். இது அந்தக் காலத்தில் துரோகிகளின் தலையை வெட்டிய கல்லாம். இதில் நெருப்பு வைத்தது யார் என்று மலாயில் கத்தினார். மலாய் எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் சோகம். அத்தையின் முகம் வெளுத்துவிட்டது.

"சாயா" என்றேன். நான்தான் என்று. அன்று நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் யோசிக்காமல் வந்தது.

அவர் கற்பூரத்தை மிதித்து அணைத்துவிட்டு, என்னைக் கால்மணி நேரம் காய்ச்சி எடுத்தார். நாங்கள் மலை இறங்கினோம். நான்காவது இடமும் போச்சு என்று வீட்டில் படுத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் தரகர் வந்து, பெண் வீட்டில் சம்மதம் என்றார். என்னால் நம்பவே முடியவில்லை.

"நீங்க அளந்ததுக்கு வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் மல்லிகா, கல்யாணத்துக்குப் பிறகு. "எங்கம்மாவ மாட்டிவிடல பாருங்க, அதுக்குத்தான்."

ஆனால் அத்தையின் கணக்கே வேறு. இன்றுவரை கோல சிலாங்கூரைத் தாண்டும்போதெல்லாம் காரை நிறுத்தச் சொல்லி, மலையைப் பார்த்துக் கும்பிடுகிறார். இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தது அந்த முனிதானாம்.

"அம்மா, அது தல வெட்டுற கல்லும்மா. போர்டே இருக்குலா!" என்பாள் மல்லிகா.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்வார். "அது வேற கல்லுடி. மாப்ளதான் அன்னிக்கே சொன்னாரே."