ஆரம்பநிலை ஸ்டீயரிங் தேர்வுக் குழு

ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. உரிமம் கேட்டு வருகிறவர்கள் அங்கேதான் வண்டியை ஓட்டிக் காட்டுவார்கள். அலுவலகம் வளர வளர அதிகாரிகள் பெருகினார்கள். அதிகாரிகள் பெருகப் பெருக அவர்களுடைய கார்களும் பெருகின. அவை எல்லாம் நிழல் பார்த்து மைதானத்தில் வந்து நின்றுகொண்டதால், கார் ஓட்டிக் காட்ட இடமில்லாமல் போயிற்று. அதிகாரிகளின் கார்களை நகர்த்தச் சொல்வது மரபல்ல என்பதால் பரீட்சையை நகர்த்துவதென்று முடிவாயிற்று.

'இனிவரும் காலங்களில் ஓட்டுநர் தேர்வு கம்ப்யூட்டரில் நடத்தப்படும்' என்று ஆணை பிறந்தது. கம்ப்யூட்டர் இருந்தது, ஸ்டீயரிங்தான் இல்லை. உடனே ஆரம்பநிலை ஸ்டீயரிங் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. இணை இயக்குநர் தலைவர், கணக்கு அதிகாரி உறுப்பினர், தலைமை எழுத்தர் செயலாளர்.

தலைமை எழுத்தருக்கு அலுவலகத்தில் 'நிதானம்' என்று பெயர். அவர் பேனா மூடியைத் திறந்து முடிப்பதற்குள் எதிரே நிற்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அப்பேர்ப்பட்டவரே பதறிப்போனார்.

"ஐயா, எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பஸ்லதான் வர்றேன்."

"அதனாலதான் உங்களைப் போட்டேன்," என்றார் இணை இயக்குநர். "ஆரம்பநிலை ஸ்டீயரிங்கை ஆரம்பநிலை ஆள்தானே தேர்ந்தெடுக்கணும்? இந்தக் கட்டடத்திலேயே ஒண்ணுமே தெரியாத ஆள் நீங்க ஒருத்தர்தான்."

நிதானம் கொஞ்சம் யோசித்துவிட்டு நன்றி சொன்னார்.

வீட்டில் அந்தச் செய்தி வேறு மாதிரி விழுந்தது. அவர் மனைவி உரிமத்துக்காக மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை அவளுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. உரிமம் மட்டும்தான் பாக்கி. இன்னும் இழுத்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

"எதையாவது சீக்கிரம் வாங்கித் தொலைங்க. வட்டமா இருந்தா போதும்," என்றாள். "ஒண்ணும் புரியலைன்னா என் தம்பியைக் கேளுங்க."

கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுவது அப்போது பெரிய மோஸ்தராக இருந்தது. மச்சான் அதில் தலைகுப்புற விழுந்தவன். அவனிடம் கார் கிடையாது. ஆனால் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது ஒரு கார் சீட் இருந்தது. அவன் தரையில் படுத்துக்கொண்டான். கையில் உறை, காலில் ஒல்லியான பந்தய ஷூ. அதைப் போட்டுக்கொண்டுதான் அறையிலிருந்து அடுப்படிக்குப் போவான்.

"மூணு வகை இருக்கு அத்தான்," என்றான். "பல்சக்கரம் வெச்சது, பெல்ட் வெச்சது, நேரா மோட்டார்லயே மாட்டினது. ஆரம்பத்துக்கு பல்சக்கரமே தாராளம். கடகடன்னு சத்தம் வரும், அவ்வளவுதான்."

"நீ எதுல ஓட்டற?"

"நேரா மோட்டார்ல. ஆரம்பநிலைக்காரன் அதை வாங்கவே கூடாது."

"நீ எப்ப ஆரம்பநிலையைத் தாண்டின?"

"அதை வாங்கின அன்னிக்கு."

நிதானம் எல்லாவற்றையும் மனசில் ஏற்றிக்கொண்டு குழுவில் போய் ஒப்பித்தார். ஸ்டீயரிங், ரோட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்பக் கையை எதிர்த்துத் தள்ளும் என்று அவர் சொன்னதும் இணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அரசாங்கச் சொத்து, அதிகாரியோட கையை எதிர்க்குமா?"

"ரோட்டை உணரத்தான் ஐயா."

"ரோட்டை நான் எதுக்கு உணரணும்? அதுக்கு டிரைவர் இருக்காரே!"

எதிர்க்காத ஸ்டீயரிங் வாங்குவதென்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அடுத்து பெடலுக்கு வந்தார்கள்.

"மூணு பெடலா?" என்று கணக்கு அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "மனுஷனுக்குக் கால் ரெண்டுதானே? மூணாவது வீண் செலவு. அதுவும்போக, காலால மிதிக்கிற பொருள் எல்லாம் மிதியடிக் கணக்குல வரும். அதைத் துப்புரவுப் பிரிவுதான் வாங்கணும்."

துப்புரவுப் பிரிவு தன் கடமையைச் செவ்வனே செய்து இரண்டு தேங்காய்நார் மிதியடிகளை வாங்கி அனுப்பியது. நிதானம் அவற்றைக் கம்ப்யூட்டருக்குக் கீழே வைத்து, மிதித்துப் பார்த்து, கார் நகரவில்லை என்று பணிவுடன் அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகுதான் உண்மையான பெடல் வந்தது.

வந்த பெடலை மிதித்தால் அலுவலக நாற்காலி பின்னால் ஓடியது. நாற்காலிக்குக் கீழே உருளை. பிரேக்கை ஓங்கி மிதித்த ஒரு விண்ணப்பதாரர் கதவைத் தாண்டி நகல் பிரிவுக்கே போய்விட்டார். உருளையைக் கழற்றிவிடலாம் என்றார் நிதானம். கழற்றுவது அரசாங்கச் சொத்துச் சேதத்தில் சேரும் என்றார் கணக்கு அதிகாரி. ஆகவே நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள 'ஆசனத் தாங்குநர்' என்று ஒரு பதவி உண்டாக்கப்பட்டது. தாங்குநர் விடுப்பு எடுத்தால் தாங்க, உதவித் தாங்குநர்.

கடைக்காரர் ஸ்டீயரிங்கோடு இலவசமாகக் கொடுத்தது ஒரு பந்தய விளையாட்டு. வேறு மென்பொருள் இல்லை.

"ஐயா, இது பந்தயமாச்சே?"

"பந்தயத்துல முதலா வர்றவனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் ஐயா."

"அப்புறம் என்ன? முதல் மூணு பேருக்குள்ள வந்தா பாஸ்."

மனைவி பரீட்சைக்கு வந்தாள். புடவையை ஒழுங்கு செய்துகொண்டு, இல்லாத சீட் பெல்ட்டைத் தேடி, அவசரப்பட்ட கார்களுக்கெல்லாம் வழிவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து நேர்த்தியாக ஓட்டினாள். நிதானத்துக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசிக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அங்க ஒருத்தர் கொடியை ஆட்டிக்கிட்டு நிக்கறாருங்க. பாவம், குறுக்க போகணும்போல இருக்கு."

'அளவுக்கு மீறிய நிதானம் காரணமாகத் தோல்வி' என்று எழுதி, நிதானமே கையெழுத்துப் போடவேண்டியதாயிற்று. அன்றைக்கு வீட்டில் தட்டு வைத்த சத்தத்திலேயே அவருக்குப் பசி போய்விட்டது.

மறுநாள் முதல் அவள் தம்பியின் அறையே கதியென்று கிடந்தாள்.

"அக்கா, முன்னாடி போறது மனுஷங்கன்னு நினைக்காத. தடைன்னு நினை."

"அடிபட்டுடுமேடா!"

"அடிபட்டா புதுக் கார் வரும்க்கா. அவங்களுக்கும் வரும்."

அந்தக் கடைசி வார்த்தை அவளுடைய மனச்சாட்சியை ஒருவழியாகச் சமாதானப்படுத்திவிட்டது. இரண்டாவது பரீட்சையில் அவள் சீட் பெல்ட்டைத் தேடவில்லை. புறப்பட்ட வேகத்தில் இரண்டு கார்களை ஓரங்கட்டினாள். ஒன்றை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள். "போடா! ஓரமா போடா!" என்று அவள் கத்திய கத்தலில் நகல் பிரிவே திரண்டு வந்து கைதட்டியது. உதவித் தாங்குநர் விசிலடித்தார். முதலிடம். கண்கள் பளபளக்க எழுந்து நின்ற மனைவியை, இது யாரோ என்பதுபோலப் பார்த்தார் நிதானம். ஆனாலும் சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டார். வேன் வேலையும் கிடைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. பெற்றோர்கள்தான் வேன் வரும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இப்படியே ஊரெல்லாம் முதலிடக்காரர்கள் பெருகினார்கள். எல்லோருமே முதலிடம் என்பதால் வழிவிட ஆளில்லை. ஒரு கார் பழக்கடைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. ஓட்டியவர் இறங்கி, மறுபடி ஆரம்பிக்கும் பொத்தான் எங்கே என்று கடைக்காரரையே கேட்டார். கடைசியில், நடந்து போகிற ஜனங்கள் திரண்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். கட்டுப் போட்ட கை, ஊன்றுகோல், கிழிந்த பை. முன்னால் பழக்கடைக்காரர்.

நிதானத்துக்கு மனசுக்குள் ஒரே குதூகலம். ஸ்டீயரிங்கைத் தூக்கிப் போடச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள். அப்பாடா, தீர்ந்தது என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். அவர் ஓடியதை அலுவலகம் அன்றுதான் பார்த்தது.

"ஐயா, ரோட்டுல கால் வைக்க முடியல," என்றார் பழக்கடைக்காரர்.

"மிகவும் வருந்தத்தக்கது. என்ன செய்யணும்?" என்றார் இணை இயக்குநர்.

"உங்ககிட்ட ஸ்டீயரிங் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. எங்க முறை வர வருஷமாகும்போல. இன்னும் நிறைய வாங்கிப் போடுங்க ஐயா. இடி வாங்கற பக்கமே எத்தனை நாளைக்கு நிக்கறது? எங்களையும் இடிக்கிற பக்கம் சேர்த்துக்குங்க."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. ஊன்றுகோல்கள் தரையைத் தட்டின. இணை இயக்குநர் கண் கலங்கி, கோரிக்கை கனிவுடன் ஏற்கப்பட்டது என்றார். வரிசை அங்கேயே உருவாகி, வாசலைத் தாண்டித் தெருவில் வளைந்தது.

நிதானம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு மெல்ல இறங்கிப் போய் அவரும் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். நின்ற சூடு ஆறுவதற்குள் யாரோ பின்னாலிருந்து முதுகில் ஓங்கி ஒரு இடி இடித்தார்கள். திரும்பினார். கழுத்தில் கட்டோடு ஒரு பெரியவர்.

"என்னங்க, பார்த்து நிக்கக் கூடாதா?"

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி," என்றார் பெரியவர் பணிவாக. "இப்பவே பழகிக்கிட்டிருக்கேன்."

அதில் நியாயம் இருப்பதாக நிதானத்துக்குப் பட்டது. அவர் முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்தார். பிறகு முழங்கையை மெல்ல மடக்கினார்.