நீலப் பெட்டியில்தான் புழுதி நன்றாக இருக்கும்

விளம்பரம் ஒட்டாத உடம்புக்காரர்கள் என்று ஓர் இனம் நம் நடுவே நடமாடுகிறது. கொசு அவர்களைக் கடிக்கும், வெயில் சுடும், சர்க்கரை ஏறும், சட்டைக் காலர் நைந்து போகும். விளம்பரம் மட்டும் எண்ணெய் தேய்த்த முதுகில் தண்ணீர் பட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். டிவியில் விளம்பரம் வந்தால் முகத்தைச் சுளித்துச் சத்தத்தைக் குறைப்பார்கள். குறைத்துவிட்டு, படத்தை மட்டும் கடைசிவரை கண் கொட்டாமல் பார்ப்பார்கள். எந்தப் பற்பசை வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள், பட்டென்று ஒரு பெயர் வரும். ஏன் அது? "அதான் நல்லது." யார் சொன்னது? உடனே பேச்சு மழை பக்கம் திரும்பிவிடும்.

கோவில்பட்டியில் இந்த இனத்துக்கு மணிகண்டபிரபுவை மிஞ்சிய ஆள் கிடையாது. வயது நாற்பத்தொன்று. தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறார். தீப்பெட்டி செய்கிற இடத்தை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவர் ஆபீஸிலிருந்து கிளி லேபிள், மயில் லேபிள் என்று இரண்டு தீப்பெட்டிகள் வெளியே போகின்றன. குச்சி ஒன்று, மருந்து ஒன்று, அடைக்கிற கையும் ஒன்று. ஆனால் கயத்தாற்றுக் கடைக்காரர்கள் கிளியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள், விளாத்திகுளத்தில் மயில்தான். ஒருமுறை கிளி லேபிள் தீர்ந்துபோய்க் கயத்தாற்றுக்கு மயிலை அனுப்பினார். "நமுத்த குச்சி" என்று அத்தனை பண்டலும் திரும்பி வந்தன. மணிகண்டபிரபுவின் மனைவி ரேணுகாதேவி அதே பெட்டிகளின் மேல் புதிதாக அச்சாகி வந்த கிளியை ஒட்டித் திருப்பி அனுப்பினாள். மறுநாளே போன் வந்தது. "அண்ணாச்சி, இதுல்லா குச்சி!"

இந்தக் கதையை மணிகண்டபிரபு சொல்லாத கல்யாண வீடு இல்லை, சடங்கு வீடு இல்லை. சொல்லி முடித்து, தொடையில் தட்டி, "சனங்க எம்புட்டு ஏமாளின்னு பாத்தீங்களா? நம்மகிட்ட இந்தப் பருப்பு வேகாது" என்பார். வியாபாரிகள் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மேடையேற்றி இதையே பேசச் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கூடத்தில் டிவிக்குக் கீழே பச்சை விளக்கு எரியும் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. மகளுக்காக வாங்கியது என்றுதான் பேச்சு. மகள் ஹாஸ்டலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே ஒருநாள் புது விளம்பரம் வந்தது. 'ரோடு ராஜா' என்ற லாரி ஓட்டும் கேம். பாலைவனம், சூறாவளி, துரத்தும் கொள்ளைக்காரர்கள், புழுதியைக் கிழித்துக்கொண்டு பாயும் பதினாறு சக்கர லாரி. கடைசியில் திரை இருண்டு, நீல வெளிச்சம் படர்ந்து, நீலப் பெட்டிக் கம்பெனியின் முத்திரை எழுந்து நின்றது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ எழுத்து. மணிகண்டபிரபு வழக்கம்போலச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். வழக்கம்போலப் பார்த்தார். அந்த ஆட்டம் முடிவதற்குள் பதினேழு தடவை பார்த்தார்.

ஒரே வாரம்.

"ரேணுகா, இந்தப் பச்சைப் பெட்டி பழசாயிட்டு."

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

"ரோடு ராஜா இதுல வராது."

"வராதுன்னு யாரு சொன்னா?"

"இத ஒருத்தன் சொல்லணுமாக்கும்? அது நீலப் பெட்டி கேமு. பாத்தாலே தெரியுதுல்லா."

பச்சைப் பெட்டி ரேணுகாதேவியின் தம்பி சுடலைக்குமாருக்குப் போனது. அவன் விளாத்திகுளத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். "வச்சுக்கோ மாப்ள. பழைய கேமுக்கு ஆவும்" என்று, வீட்டை விட்டுப் போகும் கிழட்டு மாட்டைத் தடவிக் கொடுப்பதுபோல அதைத் தடவி, பெருந்தன்மையாகக் கொடுத்தார்.

நீலப் பெட்டி வந்தது. மணிகண்டபிரபு லாரி ஏறினார். தடுப்புச் சுவரில் மோதினார், பாலத்திலிருந்து விழுந்தார், ஒட்டகத்தின் மேல் ஏற்றினார். ஆனாலும் என்ன ஆனந்தம்! "ஏட்டி ரேணுகா, புழுதியப் பாரு! ஒவ்வொரு தூசியும் தனித்தனியாப் பறக்குது. பச்சைப் பெட்டில இது வருமா?"

"நெசப் புழுதி சன்னல் கம்பில அரை அங்கொலம் கெடக்கு. அதக் கொஞ்சம் தொடைங்க" என்றாள் ரேணுகாதேவி.

மூன்றாவது வாரம் சுடலைக்குமாரிடமிருந்து போன். "அத்தான், ரோடு ராஜாவுல ஆறாவது பாலத்த எப்படித் தாண்டுதது?"

"நீ எதுல வெளாடுத?"

"நீங்க குடுத்ததுலதான்."

மணிகண்டபிரபு போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "அதுல ஓடாதே" என்றார் மெல்ல.

"நல்லா ஓடுது அத்தான். ரெண்டு பெட்டிக்கும் ஒரே நாள்லதான் வந்துச்சு. கேம் கம்பெனிக்குப் பணத்தக் குடுத்து, விளம்பரத்துல எம் முத்திரையத்தான் காட்டணும்னு நீலப் பெட்டிக்காரன் ஒப்பந்தம் போட்டுக்கிட்டான். அம்புட்டுதான். பச்சையிலயும் வரும்னு கீழ பொடி எழுத்துல போட்டுருந்தானே, பாக்கலியா?"

மணிகண்டபிரபுவின் இனம் இந்த மாதிரி நேரத்தில் தளருமா? "ஓடும் மாப்ள. யாரு இல்லன்னா? ஆனா புழுதி வராது. நீலத்தையும் பச்சையையும் கண்ணக் கட்டிக்கிட்டுக்கூடச் சொல்லிருவேன்."

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரேணுகாதேவி நிமிர்ந்தாள். "கண்ணத் தொறந்துக்கிட்டே சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டீங்கன்னா நான் இனி வாயத் தொறக்கல. தப்பாயிட்டுன்னா, வாற வெள்ளிக்கிழமை வியாபாரிங்க கூட்டத்துல கிளிக் கதைய விட்டுட்டு இந்தக் கதையச் சொல்லணும்."

அவர் சிரித்தார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி இரண்டோடு எழுந்துவிட்டார். ஊருக்கெல்லாம் ஏமாளிகளைப் பற்றிப் பேசுகிறவருக்கு ஊரே வந்து உட்காரும் ஒரே மேடை அதுதானே?

சுடலைக்குமார் பைக்கில் பச்சைப் பெட்டியோடு வந்தான். நடுவராக அடுத்த வீட்டு மருந்துக்கடைக் கிருஷ்ணராஜ் அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு பெட்டிகளையும் போர்வையால் மூடி, விளையாடும் கைப்பிடியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று சுடலைக்குமாரையும் போர்வைக்குப் பின்னால் உட்கார வைத்து ஓட்டச் சொன்னாள் ரேணுகாதேவி. மணிகண்டபிரபு திரையை மட்டும் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டம். மணிகண்டபிரபு உதட்டைப் பிதுக்கினார். "ம்ஹும். புழுதி கோதுமை மாவு மாதிரி இருக்கு. லாரியில உசுரே இல்ல. இது பச்சை."

ரேணுகாதேவி போர்வைக்குள் கையை விட்டு எதையோ உருட்டினாள். இரண்டாவது ஓட்டம். மணிகண்டபிரபு எழுந்தே நின்றுவிட்டார். "இது! இதுல்லா நீலம்! வானத்தப் பாருங்க. தூசியப் பாருங்க. அண்ணாச்சி, ஒமக்குத் தெரியுதா இல்லியா?"

"எனக்கு லாரி தெரியுது" என்றார் கிருஷ்ணராஜ் அண்ணாச்சி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ரேணுகாதேவி போர்வையை உருவினாள். டிவியிலிருந்து ஒரே ஒரு வயர்தான் போயிருந்தது, பச்சைப் பெட்டிக்கு. இரண்டு ஓட்டமும் அதில்தான். நீலப் பெட்டி மின்சாரம்கூட இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தது.

மணிகண்டபிரபுவின் காது மடல் சிவந்தது. "இது போங்கு! ரெண்டும் ஒண்ணுதான்னு நீ சொல்லவே இல்லியே?"

"கயத்தாத்துக்காரங்ககிட்ட நாம சொன்னமா?" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மணிகண்டபிரபு ஒலிபெருக்கி முன் நின்றார். வார்த்தை தவறுகிறவர் அல்ல. கதையைச் சொன்னார், நன்றாகவே சொன்னார். என்ன, "எனக்குத் தெரிஞ்ச ஒரு மடையன்" என்று ஆரம்பித்துவிட்டார். ஒட்டகத்துக்கு ஒரு சிரிப்பு, கோதுமை மாவுக்கு ஒரு சிரிப்பு, உருவிய போர்வைக்கு மண்டபமே குலுங்கியது. கைதட்டல் அடங்கி அவர் இறங்கப் போகும் சமயத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"அந்த ஆளு பேரு என்னங்க?"

ரேணுகாதேவிதான். அவர் அவளைப் பார்த்தார். அவள் கன்னத்தில் கைவைத்து, ஒன்றும் அறியாதவள்போல் காத்திருந்தாள். வாசலைப் பார்த்தார்; தூரமாக இருந்தது. தண்ணீர் குடித்தார். கடைசியில், ஒலிபெருக்கியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நாந்தான்" என்றார்.

முன்வரிசை திரும்பி ரேணுகாதேவியைப் பார்த்தது. பிறகு எழுந்த கைதட்டல், கிளிக் கதைக்கு அத்தனை வருஷத்திலும் கிடைக்காத கைதட்டல். வீட்டுக்குத் திரும்பும்போது ரேணுகாதேவி அவருக்கு வழியில் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள்.

திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனத்துக்கு அது வழக்கமில்லை. அடுத்த வருஷம் 'ரோடு ராஜா இரண்டு' வந்தது. இதற்கிடையில் ஒப்பந்தம் கை மாறியிருந்தது. விளம்பரத்தின் முடிவில் திரை இருண்டு, பச்சை வெளிச்சம் படர்ந்தது. மணிகண்டபிரபு சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

"மாப்ள, சும்மாதான் கேக்குதேன். அந்தப் பச்சைப் பெட்டி அங்கன சும்மாதான கெடக்கு? நீலத்துல என்னமோ புழுதி முன்ன மாதிரி இல்ல."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதை வாசித்துக்கொண்டு வரும்போதே, பச்சைதான் உண்மையில் நல்ல பெட்டி என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதினீர்களே, அதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். அந்தப் பெட்டியை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் இரண்டு பக்கம் பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். பச்சைப் பெட்டிக்காரன் எனக்கு எவ்வளவு கொடுத்தான் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?